கண்ணாடிக்கு வைத்த பொட்டு

சென்னியப்பன் தன் பெண்டாட்டி சௌந்திரத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். நூற்றுக்கு இரண்டு வட்டி. கட்டின புருஷன் என்று அதில் காலணா தள்ளுபடி கிடையாது. அவள் புறக்கடையில் முந்நூறு கோழி வைத்து முட்டை விற்றுச் சேர்த்த பணம் அது. கார்த்திகை பிறந்ததும் புதுக் குஞ்சு இறக்க வேண்டும், அதற்குள் அசலும் வட்டியும் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் எருமப்பட்டி ரோட்டைப் பார்த்திருந்த அவனுடைய டைப் அடிக்கும் அறையில் குஞ்சுகளை விட்டுவிடுவேன் என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அந்த அறை அவளுடைய அப்பன் கட்டிக் கொடுத்தது. குளிர்காற்று புகாத அறை, குஞ்சுக்குத் தோதானது. கடன் கொடுத்த அன்றைக்கே பல்பு எங்கே தொங்கவிடலாம் என்று அவள் அண்ணாந்து பார்த்ததைச் சென்னியப்பன் கவனித்தான்.

அறை போனால் சென்னியப்பனிடம் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அது கொஞ்சம் பெரிய வாய்.

அந்த அறை சும்மா வந்ததில்லை. சுவர் மாமனார் கட்டியது என்றாலும் உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானும் அவன் சம்பாதித்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரிக்கு கிளீனராகப் போனவன் அவன். எழுபத்திரண்டில் ஒரு நாள் பர்மிட் காகிதம் டைப் அடிக்கச் சொல்லி முதலாளி அவனைச் சேலத்துக்கு அனுப்பினார். டைப்ரைட்டிங் பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து, ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இவ்வளவு மரியாதையா என்று அவன் அங்கேயே நின்றுவிட்டான். லாரி அவனை விட்டுவிட்டே போனது.

பத்தாவது தேறாதவனைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார் வாத்தியார். சேர்க்க வேண்டாம், கூட்டிப் பெருக்குகிறேன், மிஷினுக்கு எண்ணெய் போடுகிறேன், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றான் இவன். தொட்டான். இரண்டு வருஷத்தில் அந்த வாத்தியாரே தன் வேலையை இவனிடம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிற அளவுக்கு வந்தான். இத்தனைக்கும் இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. எழுத்துக்கு அவனே பேர் வைத்துக்கொண்டான். ஒன்று பாம்பு, ஒன்று முக்காலி, ஒன்று கொக்கி, ஒன்று காலைத் தூக்கி உதைக்கிற கழுதை. காகிதத்தில் பாம்பு இருந்தால் பாம்பைத் தட்டுவான், கழுதை இருந்தால் கழுதையைத் தட்டுவான். வக்கீல் குமாஸ்தாக்கள்கூட அவனிடம் கொடுத்தால் பிழை வராது என்று தேடி வந்தார்கள்.

அதற்கு அவன் சொல்லும் காரணம் ஊருக்கே மனப்பாடம். "படிச்சவன் படிச்சுப் போட்டு அடிக்கிறான், அதனால புத்தி குறுக்கால வருது. நான் பார்த்து அடிக்கிறனுங்க. எனக்குக் குறுக்கால வர்றதுக்கு ஒண்ணுமே இல்லை."

சொந்த மிஷின் வாங்கினான், பிறகு இன்னொன்று. போர்டு மாட்டினான். போர்டில் தன் பேரைக் கடையின் பேரைவிடப் பெரிதாக எழுதச் சொன்னான்.

அவனுக்கு நிலையாகச் சோறு போட்டவர் திருச்செங்கோட்டு நாச்சிமுத்து. போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்குச் சாமான் விற்கிறவர். பாறையைத் துளைக்கிற மிஷினின் கம்ப்ரசரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, எந்த ஆயில் ஊற்றுவது என்று இங்கிலீஷில் டைப் அடித்த கனத்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆந்திராவுக்கும் ஒரிசாவுக்கும் போகிற வண்டிகளுக்கு அதில் ஒவ்வொரு பிரதி கொடுப்பார். வருஷா வருஷம் ஏதாவது ஒரு சாமான் மாறும், மாறினதும் முழுப் புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும். இரண்டு வரி மாறுவதற்கு முந்நூறு பக்கக் கூலி. நாச்சிமுத்துவுக்கு வயிற்றெரிச்சல், சென்னியப்பனுக்குத் தீபாவளி.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் அந்தத் தீபாவளிக்கு ஆபத்து வந்தது. டைப் அடித்த பக்கத்தை அப்படியே பார்த்துக் கம்ப்யூட்டருக்குள் எழுத்தாக இறக்கிவிடுகிற மிஷின் கோயம்புத்தூரில் இருக்கிறதாம், ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு எந்த வரியை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம், இனிமேல் அங்கே கொடுக்கப்போகிறேன் என்றார் நாச்சிமுத்து. சென்னியப்பன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்த மிஷின் அடுத்த மாதம் தன் கடைக்கே வருகிறது, இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன் என்றான். பன்னிரண்டாயிரத்துக்குப் பேசி முடித்தான். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான், இனி அந்த மிஷினைத் தேட வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வந்தது.

விலைக்கு வாங்க லாரி விற்கிற காசு வேண்டும். ஒரு மாத வாடகைக்கு ஒன்பதாயிரம் என்றார்கள். அப்படித்தான் சௌந்திரத்திடம் போய் நின்றான்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வேனில் வந்து இறங்கியது. ஒரு டிவிப் பெட்டி, ஒரு தட்டச்சுப் பலகை, பிரிண்டர், கூடவே மூடி வைத்த சூட்கேஸ் மாதிரி ஒன்று. மூடியைத் தூக்கினால் உள்ளே கண்ணாடி. பக்கத்தைக் கண்ணாடிமேல் குப்புற வைத்து மூடினால் கீழே ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்து போகும், எழுத்துகள் டிவிப் பெட்டியில் பச்சையாக வந்து நிற்கும். டை கட்டிக்கொண்டு வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒரு பக்கத்தை வைத்துக் காட்டினார், எந்த எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொன்னார், பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று வேனிலேயே கிளம்பிவிட்டார். மிஷின் எழுத்தைப் பார்த்துப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்கிறது, அதற்கு அர்த்தம் தெரியாது என்று அவர் சொன்னது சென்னியப்பனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தன் சாதி மிஷின்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பூஜையை எருமப்பட்டி காணாத பூஜையாகச் செய்தான். இரண்டு டைப்ரைட்டருக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். டிவிப் பெட்டிக்கு மாலை. சூட்கேஸ் மிஷினிடம் வந்தபோது கை நின்றது. எங்கே வைப்பது? மூடிக்குமேல் வைத்தால் முதுகில் வைத்த மாதிரி. யோசித்துப் பார்த்தான். பார்க்கிறது எதுவோ அதுதானே முகம். மூடியைத் தூக்கினான். கண்ணாடியில் மூன்று விரலால் பட்டையை இழுத்தான், நட்டநடுவில் எட்டணாக் காசு அகலத்துக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினான். முகம் களையாக இருந்தது. சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது, வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது, அது தானாகத்தான் உதிர வேண்டும். எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து முதல் பக்கத்தைக் குப்புற வைத்தான். வெளிச்சம் நகர்ந்தது. எழுத்து வந்தது. பச்சைப் பயிர் முளைத்த மாதிரி வரிவரியாக வந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பால் சொசைட்டிக்குப் போனவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இந்த ஜில்லாவிலேயே இரண்டாவது மிஷின் என்றான் சென்னியப்பன். முதல் மிஷின் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, அது ரிப்பேர் என்றான்.

வந்த எழுத்தை மூலத்தோடு ஒத்துப் பார்த்தானா என்றால், இல்லை. பதினைந்து வருஷம் ஒவ்வொரு பாம்பையும் கழுதையையும் உற்று உற்றுப் பார்த்த கண்தான். ஆனால் லாரி வாங்கின பிறகும் மூட்டையைத் தலையில் சுமப்பானா ஒருத்தன்? பக்கத்தை வைப்பதும் எடுப்பதும்தான் அவன் வேலை. ஒவ்வொரு தடவை மூடியைத் தூக்கும்போதும் பொட்டு தெரியும், ஒரு கும்பிடு போடுவான். பக்கங்கள் உரசி உரசிப் பொட்டு மங்கினால் காலையில் புதிதாக வைத்துவிடுவான். முகம் வெறுமையாக இருக்கக் கூடாதல்லவா.

எல்லாம் முடிந்து, பிரிண்டர் இழுத்துத் துப்பின காகிதக் கட்டைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு, மூலப் பக்கங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனான். நாச்சிமுத்து கட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துத் தலையாட்டினார். கல்லாவைத் திறக்கக்கூடக் கையை நீட்டிவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய மகள் வசந்தாமணி உள்ளேயிருந்து வந்தாள். சேலத்தில் காலேஜ் முடித்த பெண், கடைக் கணக்கு அவள் கையில். நாலைந்து பக்கம் புரட்டினாள்.

"ஏனுங்கண்ணா, மேல நல்லா இருக்குதுங்க. கீழயும் நல்லா இருக்குதுங்க. நடுவுல என்னமோ கொத்துக் கொத்தாப் புள்ளியும் கோடுமா இருக்குதே?"

சென்னியப்பன் எட்டிப் பார்த்தான். இருந்தது. சதவீதக் குறியும் நட்சத்திரமும் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன, கோழி கிளறின குப்பை மாதிரி. வாய் மட்டும் கலங்கவில்லை.

"அது கம்ப்யூட்டரோட பாஷைங்க அம்மிணி. அதுக்குன்னு கொஞ்சம் எடம் விட்டாத்தான் மத்ததை ஒழுங்காப் பண்ணுது. வண்டிக்கு ஆயில் ஊத்தற மாதிரி."

நாச்சிமுத்து, "அதுவும் சரிதான்" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பணத்தை எண்ணியிருப்பார். வசந்தாமணி விடவில்லை. வால்வைக் கழற்றுவதற்கு முன்னால் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிற இடம் இது, இந்தக் கோலத்தைப் படித்துவிட்டு ஒரு டிரில்லர் வால்வைக் கழற்றினால் ஸ்பானர் முகத்துக்கு வரும் என்றாள். பிறகு மூலப் பக்கம் ஒன்றை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். இதென்ன, கோயில் வாசனை அடிக்கிறது என்றாள். சுத்தமான இடத்தில் வைத்து வேலை செய்கிறேன் என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து கல்லாவை மூடினார். "சென்னியப்பா, ஐப்பசி முடியறதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. இல்லீன்னா நான் கோயம்புத்தூருக்கே குடுத்தர்றேன். கோவிச்சுக்காதே."

பஸ்ஸில் வரும்போது மீசையில் மண் ஒட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்தபோது சௌந்திரம் டைப் அறையின் சுவரோரம் தகரத்தை நிறுத்தி வைத்திருந்தாள். குஞ்சுகளைச் சுற்றி வளைத்துக் கட்டுகிற தகரம். சும்மா அளவு பார்த்தேன் என்றாள்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டான். டை கட்டினவர் தீபாவளிக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவாராம். அதற்குள் வாடகை மாதம் முடிந்து வேன் வந்துவிடும். மிஷினைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்தான். ஒரு பக்கம் போட்டுப் பார்த்தான், நடுவில் அதே குப்பை. எலுமிச்சம்பழம் கட்டினான். அதே குப்பை. யாரோ கண் வைத்துவிட்டார்கள், பால் கேன்காரன்தான் என்று முடிவுசெய்து திருஷ்டி சுற்றிப் போட்டான். நெற்றி சரியாக இல்லையோ என்று பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தான். குப்பையும் கொஞ்சம் பெரிதாக வந்தது.

அன்று சாயங்காலம் சௌந்திரம் முட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் பல்பை எரியவிட்டு, அதில் போட்ட ஓட்டைக்கு நேராக ஒவ்வொரு முட்டையாகக் காட்டி, உள்ளே ரத்தப் புள்ளி, ஓட்டில் விரிசல் இருந்தால் தனியாக எடுத்து வைப்பாள். சென்னியப்பன் கெட்டுப்போன காகிதங்களைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டு, இதைக் கிழித்து முட்டைக்கு அடியில் போட்டுக்கொள் என்றான். அவள் இரண்டு மூன்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குத் தமிழும் ஒன்றுதான், இங்கிலீஷும் ஒன்றுதான். திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் வாயில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது.

"ஏனுங்க, இது எதனாலன்னு சொன்னா என்ன குடுப்பீங்க?"

"உனக்கு என்ன புள்ள தெரியும் இதுல?"

"தெரியலீன்னா போச்சு. தகரத்தை நாளைக்கே அடிச்சுப் போடறேன்."

நூறு ரூபாய் என்றான். கடனோடு சேர்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள். சரி என்றான்.

"எல்லா முட்டையிலயும் ஒரே எடத்துல கறை தெரிஞ்சா, கறை முட்டையிலயா இருக்கும்? பல்பு வெச்ச ஓட்டையிலதான் என்னமோ ஒட்டியிருக்குதுன்னு அர்த்தம். உங்க மிஷின்ல வெளிச்சம் வர்ற எடத்துல என்ன இருக்குதுங்க?"

சென்னியப்பன் எழுந்து அறைக்குப் போனான். மூடியைத் தூக்கினான். மூன்று பட்டையும் பெரிய பொட்டுமாக மிஷின் அவனைப் பார்த்தது. பின்னாலேயே வந்த சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். நின்று சிரிக்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள்.

அப்போதும் அவன் துடைக்க மாட்டேன் என்றான். பூஜைப் பொட்டு, தானாகத்தான் உதிர வேண்டும் என்றான். நீங்களே தினமும் புதிதாக வைத்தால் அது எந்தக் காலத்தில் உதிரும் என்று அவள் கேட்டாள். ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்தாள். "நெத்தியில விபூதி பூசுறவனும் காலையில மொகம் கழுவறானா இல்லையா? சாமி கோவிச்சா எம்மேல கோவிச்சுக்கட்டும். உட்டு அக்கட்டால போங்க" என்று ஒரே இழுப்பில் துடைத்தாள்.

ஒரு பக்கம் வைத்தார்கள். மேலிருந்து கீழே வரை சுத்தமாக வந்தது. சென்னியப்பன் இந்தத் தடவை ஒத்துப் பார்த்தான். பாம்பு இருந்த இடத்தில் பாம்பு, முக்காலி இருந்த இடத்தில் முக்காலி.

வேன் வருவதற்குள் முழுப் புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். சௌந்திரம் உட்கார்ந்தாள். முட்டை திருப்புகிற கை. இவன் ஒரு பக்கம் வைக்கிற நேரத்தில் அவள் இரண்டு வைத்து எடுத்தாள். மூலப் பக்கங்களில் ஒட்டிக் காய்ந்திருந்த சந்தனத்தை முட்டை துடைக்கிற துணியால் உரசி உரசி எடுத்தாள். சிலதில் குங்குமம் எழுத்துக்குள்ளேயே ஊறிவிட்டது, என்ன தேய்த்தும் போகவில்லை, மிஷினுக்கும் புரியவில்லை. அந்தப் பக்கங்களைச் சென்னியப்பன் எடுத்துக்கொண்டான். பழைய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புக்கு அடியில் இருப்பது கழுதையா கொக்கியா என்று உற்றுப் பார்த்துப் பார்த்து, பலகையில் தானே தட்டி உள்ளே இறக்கினான். அந்த மிஷின் முழிக்கிற இடத்தில் நான் முழிக்கவில்லை பார் என்றான். முழிக்க வைத்தது யாரு என்றாள் அவள். கோழிகள் தீனி கேட்டுக் கத்தினால் இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள், திரும்ப வந்து உட்காருவார்கள்.

வேன் வருகிற அன்று காலையில் நாச்சிமுத்துவும் வசந்தாமணியும் எருமப்பட்டிக்கே காரில் வந்து இறங்கினார்கள். வசந்தாமணி திரையில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தாள். நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். சென்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரன் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் அப்பன் நிற்கிற மாதிரி நின்றான்.

சரியாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகும் நாச்சிமுத்து விடவில்லை. மாற்றலாம் என்றாயே, மாற்றிக் காட்டு என்றார். இந்த வருஷம் ஆயில் பேர் மாறியிருக்கிறது, புத்தகம் பூராவும் பழைய பேர் இருக்கிறது என்றார். வசந்தாமணி புதுப் பேரைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினாள். எச்சில் விழுங்குகிற நேரம்தான். முந்நூறு பக்கத்திலும் பேர் மாறியிருந்தது.

சென்னியப்பன் அதை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தான். வருஷா வருஷம் தனக்குச் சோறு போட்ட அந்த முந்நூறு பக்கக் கூலி தன் கண்ணெதிரே, தன் கடையிலேயே, தானே வாடகை கொடுத்து வரவழைத்த மிஷினில் கரைந்துபோனது அவனுக்குப் புரிந்தது. வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "இதுக்குத்தானுங்க நானே முன்னால நின்னு செஞ்சேன். இனி வருஷா வருஷம் மாத்தற வேலைக்குத் தனியா ஒரு ரேட்டு பேசிக்கலாமுங்க" என்றான்.

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். முதலில் என்ன கோளாறு என்று கேட்டார். மிஷினின் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான் சென்னியப்பன். வசந்தாமணி ஒரு பழைய பக்கத்தை எடுத்து மோந்து பார்த்தாள், சௌந்திரத்தைப் பார்த்தாள், சௌந்திரம் கூரையைப் பார்த்தாள். புத்தகம் முழுவதும் அடங்கிய இரண்டு பிளாப்பியைச் சென்னியப்பன் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான். புதுச் சாமானாயிற்றே, ஒரு பொட்டு வைத்துக் கொடு என்றார் நாச்சிமுத்து. வசந்தாமணி பாய்ந்து இரண்டையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாயிரமும் வந்தது. கார் திரும்பி ரோட்டில் ஏறும் வரை சென்னியப்பன் வாசலிலேயே நின்றான். உள்ளே திரும்பினால் சௌந்திரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவனுடைய நாற்காலியில். வலது கை நீண்டிருந்தது, விரித்தபடி.

தகரத்தை முதலில் எடுத்து அந்தப் பக்கம் வை என்றான். பணம் முதலில் என்றாள்.

ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தான். கை மூடவில்லை. வட்டியை எண்ணி வைத்தான். மூடவில்லை. கூலி நூறையும் வைத்தான். அவள் நோட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து மூன்றை உருவித் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஓரம் கிழிஞ்சிருக்குதுங்க. வேவாரிகிட்ட ஒடைஞ்ச முட்டையைக் குடுத்தா வாங்குவானா?"

சென்னியப்பன் அந்த மூன்றையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, நல்ல நோட்டாகப் பார்த்து மூன்றை எடுத்து, ஒன்று, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணி, விரிந்திருந்த அந்தக் கைமேல் வைத்தான்.